மண்ணும் மாந்தரும்: பேராசிரியர் கார்ல் சாவர்

தமிழ் பயில்வோர்க்கு நிலம் புதிய பாடம் அன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருளாக அடுக்கி, அவற்றின்மேல் மாந்தர் ஒழுக்கத்தை நிறுத்திய இலக்கண மரபு நம்முடையது. அம்மரபை ஊன்றி நோக்கின் ஒன்று புலப்படும். மலையும் கடலும் இயற்கை தந்தவை. மருதமோ ஏரும் மடையும் வரப்பும் கொண்டு மனிதன் ஆக்கிக்கொண்ட நிலம். பாலையைத் தனி நிலமாகக் கருதாது, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு நிற்கும் நிலையாகவே இளங்கோவடிகள் கண்டார். மனிதன் நிலத்தை ஆக்குகிறான். நிலம் கெடவும் கூடும். இவ்விரு செய்திகளையும் தம் வாழ்நாட் படிப்பாகக் கொண்ட பேராசிரியர் ஒருவர் கடந்த நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். மானிடப் புவியியல் பயில்வோர் அனைவரும் அறிந்த கார்ல் ஆர்ட்வின் சாவர் அவர். தமிழ்த்துறை மலரில் புவியியல் பேராசிரியருக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்களுக்கு இவ்விடை போதும் என்று கருதுகிறோம்.

சாவர் 1889ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் மிசூரி மாநிலத்தின் வாரன்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய மக்கள் நிறைந்த ஊர் அது. மெதடிஸ்ட் சபையைச் சார்ந்த அம்மக்கள் தம் பிள்ளைகளின் கல்விக்காகச் சென்ட்ரல் வெஸ்லியன் கல்லூரி என்னும் ஒன்றை நடத்தி வந்தனர். சாவரின் தந்தையார் அக்கல்லூரியில் ஆசிரியர். சிறியதொரு சமூகம் தன் கைப்பொருளைக் கூட்டிக் கல்லூரி நடத்துவது எத்தகைய முயற்சி என்பதை இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் பெரியவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இளமையில் சில காலம் ஜெர்மனியின் கால்வ் நகருக்கு அனுப்பப்பட்டு அங்குப் பயின்ற சாவர், பின்னர்த் தந்தையார் பணிபுரிந்த கல்லூரியிலேயே 1908இல் பட்டம் பெற்றார். இரு மொழிகளில் வளர்ந்ததன் பயன் அவருடைய எழுத்தில் நெடுகத் தெரியும். அமெரிக்கர் பலர் அறியாத ஜெர்மானியப் புவியியல் நூல்களை அவர் மூலத்திலேயே கற்றார்.

முதலில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நிலப்பொதியியல் பயிலச் சென்றவர், கற்களைவிட மக்களே தம் மனத்தை ஈர்ப்பதை உணர்ந்து சிகாகோவுக்கு மாறினார். அங்கு ராலின் சாலிஸ்பரி என்னும் பேராசிரியர் மாணவரைக் களத்திற்கு அனுப்பிக் கண்ணால் கண்டதை எழுதுமாறு பழக்கினார். இல்லினாய் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், தம் பிறந்தகத்தை ஒட்டிய ஓசார்க் மேட்டுநிலத்திலும் சாவர் நடந்து திரிந்து செய்திகள் திரட்டினார். இடையே 1913இல் லொரீனா என்னும் மங்கையை மணந்தார். ஓசார்க் நிலத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1915இல் முனைவர் பட்டம் கிட்டியது. அந்த ஆய்வில் வரும் குடியானவர்கள் அவருக்கு அயலார் அல்லர். உறவினரையும் அண்டை வீட்டாரையும் ஒத்தவர்கள். ஆய்வுப் பொருளாகிய மக்களை உயர்ந்த இடத்திலிருந்து குனிந்து நோக்கும் வழக்கம் அவரிடம் இறுதிவரை தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1915 முதல் 1923 வரை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தார். அம்மாநிலத்தின் வடபகுதி முழுவதும் ஒரு காலத்தில் வெள்ளைப் பைன் மரக்காடு. மரவணிகர் ஒரு தலைமுறைக்குள் அதனை வெட்டித் தீர்த்துவிட்டனர். எஞ்சிய அடிமரங்களையும் சருகுகளையும் தீ மீண்டும் மீண்டும் தின்றது. பின்னர் அதே மணற்பாங்கான நிலம் நல்ல உழுநிலம் எனக் கூறி ஏழை உழவர்க்கு விற்கப்பட்டது. வாங்கியவர்கள் சில ஆண்டுகள் போராடிவிட்டு, வரி கட்டவும் இயலாது நிலத்தைக் கைவிட்டுப் போயினர். எந்த நிலம் எதற்கு உதவும் என்பதைக் கணக்கெடுக்க 1922இல் மிச்சிகன் மாநிலம் தொடங்கிய நில ஆய்வுப் பணிக்குச் சாவர் துணைநின்றார். காடு பாலையான காட்சியை அவர் நூலில் படிக்கவில்லை, நேரில் கண்டார். பிற்காலத்தில் அவர் எழுதியவை பலவற்றுக்கும் வித்து அங்கே விழுந்தது என்பது நம் கருத்து.

1923இல், முப்பத்து மூன்று வயதில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்குப் புவியியல் துறைத் தலைவராகச் சென்றார். 1954 வரை தலைமைப் பொறுப்பிலும் 1957 வரை பேராசிரியப் பணியிலும் அங்கேயே இருந்தார். சென்ற இரண்டாம் ஆண்டிலேயே, 1925இல், அவர் வெளியிட்ட நிலத்தோற்றத்தின் உருவியல் என்னும் கட்டுரை அமெரிக்கப் புவியியலின் போக்கை மாற்றிற்று. அக்காலத்தில் ஆட்சி செலுத்தியது இயற்கை முடிவுக் கொள்கை. வெப்ப நாட்டார் சோம்பர், குளிர் நாட்டார் உழைப்பாளிகள், மலைவாழ்நர் முரடர் என்று தட்பவெப்பத்தைக் கொண்டு மாந்தரின் குணத்தையும் நாகரிகத்தையும் அளக்கும் கொள்கை அது. எல்லன் செம்பிள் அம்மையாரும் எல்ஸ்வொர்த் ஹண்டிங்டனும் அதனைப் பரப்பினர். செம்பிள் அம்மையார் சாவர் பயின்ற சிகாகோவிலேயே கற்பித்தவர். அக்கொள்கை ஆள்வோர்க்கு மிகவும் வசதியானது. வெப்ப நாடுகளைக் குளிர் நாட்டார் அடிமைப்படுத்தியதற்கு வானிலையே காரணம் என்று அதனைக் கொண்டு கூறிவிடலாம் அன்றோ? சாவர் இந்த வாதத்தைத் தலைகீழாகத் திருப்பினார். இயற்கை தருவது கருவிப்பொருள் மட்டுமே. தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களின் பண்பாடே அப்பொருளில் வேலை செய்து வயலும் ஊரும் வழியும் ஆகிய பண்பாட்டு நிலத்தோற்றத்தை உருவாக்குகிறது என்றார். ஒரே மழையும் ஒரே மண்ணும் உள்ள இரு நிலங்களில் இருவேறு மக்கள் இருவேறு உலகங்களை அமைத்துக்கொள்வதை அவர் எடுத்துக்காட்டினார்.

கொள்கையை எழுதிவிட்டு நூலகத்தில் அமர்ந்துவிடவில்லை. மெக்சிகோவின் வடமேற்குப் பகுதிக்கு ஆண்டுதோறும் மாணவரை அழைத்துச் சென்றார். பயணம் எவ்வளவு மெதுவாக அமைகிறதோ அவ்வளவுக்குக் கண் தெளிவாகக் காணும் என்பது அவர் மாணவர்க்குக் கூறிய அறிவுரை. நடந்து செல்ல வேண்டும், வழியில் உட்கார வேண்டும், எதிர்ப்படும் கிழவரிடம் பேச வேண்டும், அவர் தோட்டத்தில் என்ன விதை இருக்கிறது, அதன் பெயர் என்ன, யார் தந்தது எனக் கேட்க வேண்டும். பெர்க்லியில் குரோபர், லோவி ஆகிய மானிடவியலாரோடும், போல்ட்டன் என்னும் வரலாற்றாசிரியரோடும் அவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. இபேரோ அமெரிக்கானா என்னும் ஆய்வு வரிசை 1932இல் தொடங்கியது இத்தொடர்பின் பயனாகும். அவ்வரிசையில் 1935இல் வந்த சாவரின் சிறுநூல் ஒன்று, ஸ்பானியர் வருமுன் வடமேற்கு மெக்சிகோவில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர் என்று கணித்தது. நண்பராகிய குரோபர் கூறிய எண்ணிக்கையினும் இது பன்மடங்கு மிகுதி. எண்ணைப் பற்றிய சிறு பூசல் என்று இதனைத் தள்ளிவிட முடியாது. முன்பு வாழ்ந்தோர் மிகச் சிலரே என்றால் வந்தவர்கள் வெற்றிடத்தில் குடியேறினார்கள் என்று பொருள். பலர் வாழ்ந்தனர் என்றாலோ, நோயாலும் கொடுமையாலும் பெருந்திரளான மக்கள் மாண்டனர் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். குக், போரா என்னும் பெர்க்லி அறிஞர் இருவர் இவ்வழியில் பின்னர் நெடுந்தூரம் சென்றனர். அவர்கள் தந்த எண்களைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் பேரழிவு நேர்ந்தது என்பதை இன்று மறுப்பாரில்லை.

இனி 1941ஆம் ஆண்டுக்கு வருவோம். சாவரின் வாழ்வில் நம்மை மிகுதியும் நிறுத்திச் சிந்திக்க வைப்பது அவர் அவ்வாண்டில் எழுதிய ஒரு கடிதம். மெக்சிகோவின் வேளாண்மையைச் சீர்ப்படுத்த அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் அப்போது எண்ணங்கொண்டது. நிறுவனத்தின் சமூக அறிவியல் பிரிவு இயக்குநர் ஜோசப் வில்லிட்ஸ் சாவரிடம் கருத்துக் கேட்டார். பெரும்பொருள் வழங்கும் நிறுவனம் கேட்கும்போது இனிய சொற்களைக் கூறுவதே பேராசிரியர்களின் பொது இயல்பு. சாவர் எச்சரிக்கை செய்தார். மெக்சிகோ உழவன் தன் சிறு நிலத்தில் மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகியவற்றைக் கலந்து பயிரிடுகிறான். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறுபடும் விதைகளை நூற்றாண்டுகளாகத் தெரிந்து காத்து வருகிறான். அவனுக்குள்ள குறை பொருளாதாரத்தைச் சார்ந்ததேயன்றி அறிவைச் சார்ந்ததன்று. இதனை உணராத அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று புகுந்து, வணிகத்திற்கென உருவாக்கிய சில விதைகளை எங்கும் பரப்புமானால், அம்மண்ணின் விதைச் செல்வம் மீட்க முடியாதவாறு அழியும். மக்களின் வாழ்முறையும் உடன் சிதையும். அயோவா மாநிலத்தின் பண்ணை முறையை மெக்சிகோவிற்கு முன்மாதிரியாகக் கொள்வதே எல்லாவற்றிலும் தீங்கானது. அவர் எழுதியதன் சாரம் இதுவே. (மக்காச்சோளம் என்னும் பெயரைக் கொண்டு அத்தானியம் அரபு நாட்டில் தோன்றியது என எண்ணிவிட வேண்டா. அதன் தாயகம் மெக்சிகோவே.)

பழமையைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்க விரும்புபவர் என்னும் குறை அவர்மீது கூறப்பட்டது. எச்சரிக்கை ஒதுக்கப்பட்டது. 1943இல் திட்டம் தொடங்கியது. 1944இல் நார்மன் போர்லாக் அதில் சேர்ந்தார். அங்கு உருவான குட்டைரகக் கோதுமை நம் நாட்டின் வரலாற்றிலும் புகுந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கி நாடு காத்திருந்த அறுபதுகளை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1966இல் ஏறத்தாழ 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இந்தியாவுக்கு வந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் அவ்விதையை நம் நிலத்திற்கேற்பப் பக்குவப்படுத்தும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1964–65இல் சுமார் 1 கோடியே 20 இலட்சம் டன்னாக இருந்த இந்தியாவின் கோதுமை விளைச்சல் 1970–71இல் 2 கோடியே 38 இலட்சம் டன்னாக உயர்ந்தது. போர்லாக்குக்கு 1970இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அவ்வாறாயின் சாவர் பிழைபட்டாரா? பசித்த வயிற்றுக்கு முன் பண்பாட்டு வாதம் பேசுவது எளிதன்று. அன்று விளைந்த கோதுமை பல உயிர்களைக் காத்தது என்பதை மறுத்தால் நாம் நேர்மையற்றவர் ஆவோம். எனினும் சாவர் கூறியவையும் ஒவ்வொன்றாக மெய்ப்பட்டன. மெக்சிகோவில் அத்திட்டத்தின் பெரும்பயன் சோனோரா போன்ற பாசனப் பகுதிகளில் பெருநிலம் வைத்திருந்தோர்க்கே சென்றது. மழையை நம்பி மக்காச்சோளம் விதைத்த ஏழை உழவனுக்கு மிகக் குறைவாகவே கிட்டியது. 1970இல் அமெரிக்காவிலேயே, அயோவா உள்ளிட்ட மாநிலங்களில், ஒரே மரபுக்கூறு கொண்ட கலப்பின மக்காச்சோளத்தை இலைக்கருகல் நோய் தாக்கியது; நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு அழிந்தது. எண்பது வயதுச் சாவர் அச்செய்தியைக் கேட்க உயிருடன் இருந்தார். சுவாமிநாதனும் 1968 ஜனவரியில் வாரணாசியில் கூடிய அறிவியல் மாநாட்டில், பல உள்ளூர் இரகங்களின் இடத்தில் ஓரிரு இரகங்களை மட்டும் வைப்பது பெருங்கேட்டில் முடியலாம் என எச்சரித்தார். திட்டத்தை எதிர்த்தவரும் திட்டத்தை நடத்தியவரும் ஒரே இடத்தில் வந்து நின்றது எண்ணத்தக்கது. மெக்சிகோவில் பணிபுரிந்த வல்லுநர்களும் நாட்டு மக்காச்சோள இனங்களைத் திரட்டி வகைப்படுத்தி நூல் வெளியிட்டனர் என்பதை நியாயம் கருதி இங்குக் கூற வேண்டும். விதை வங்கியில் காக்கும் விதை வேறு, உழவன் வயலில் ஆண்டுதோறும் மாறி வளரும் விதை வேறு என்று சாவரின் வழிவந்தோர் அதற்கு விடை கூறுவர்.

உழவர் மீது அவர் கொண்டிருந்த இம்மதிப்பு, 1952இல் வெளிவந்த வேளாண்மையின் தோற்றமும் பரவலும் என்னும் நூலில் துணிந்த கருத்தாக வடிவம் கொண்டது. பசியே மனிதனை உழவனாக்கியது என்பது பொதுக் கருத்து. சாவர் அதனை ஏற்கவில்லை. பசித்தவனுக்குச் சோதனை செய்ய ஓய்வு ஏது? ஆற்றங்கரையில் மீன் பிடித்து நிறைவாக வாழ்ந்த மக்களே, அவசரமின்றிச் செடிகளைக் கவனித்துக் கிழங்கையும் கரும்புக் கணுவையும் வாழைக்கன்றையும் நட்டுப் பழகினர். விதைத்து அறுக்கும் தானிய உழவு அதன் பின்னரே தோன்றியது என்றார். அதற்கு உரிய இடமாக அவர் சுட்டியது வங்கக் கடலை ஒட்டிய தென்கிழக்கு ஆசியாவை. கோழியும் பன்றியும் அங்கேயே முதலில் மனிதனோடு வாழப் பழகின என்பதும் அவர் கருத்து. தொல்லியல் சான்றுகள் இதுவரை மேற்கு ஆசியாவின் தானிய உழவுக்கே மிகுந்த பழமையைக் காட்டுகின்றன. ஆகவே முதலிடம் பற்றிய அவர் கூற்று நிலைபெறவில்லை. ஆனால் நியூகினித் தீவின் குக் சதுப்புநிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வாழைப் பயிரின் தடயங்கள் கிடைத்த பின்னர், கிழங்கும் கன்றும் நட்ட பழைய உழவைப் பற்றிய அவர் பேச்சை வெறுங்கற்பனை என்று ஒதுக்கிய குரல்கள் தணிந்துள்ளன.

1955 ஜூன் மாதம் பிரின்ஸ்டன் நகரில் கூடிய ஆய்வரங்கு சாவரின் புகழுக்கு உச்சம் எனலாம். புவியின் முகத்தை மனிதன் எவ்வாறு மாற்றியுள்ளான் என்பதே பொருள். சாவர், மார்ஸ்டன் பேட்ஸ், லூயி மம்போர்டு ஆகிய மூவரும் அதனை முன்னின்று நடத்தினர். சுற்றுச்சூழல் என்னும் சொல் செய்தித்தாள்களில் இடம்பெறுமுன் நடந்த அரங்கு அது. அதற்கு அழைக்கப்பெற்றவருள் நம் நாட்டுத் தாவரவியலறிஞர் ஈ.கே. ஜானகி அம்மாளும் ஒருவர். தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் பயின்று, கோயம்புத்தூர்க் கரும்பு ஆய்வு நிலையத்தில் புகழ்பெற்ற ஆய்வுகள் செய்தவர் அவர். சாவர் நீங்கிய அடுத்த ஆண்டில்தான் மிச்சிகனுக்கு மாணவியாகச் சென்றார். இந்தியாவின் தன்னுணவுக்கான வேளாண்மையைப் பற்றி அவர் அங்கு எழுதியளித்த கட்டுரை, பழங்குடி மக்களின் செடியறிவை மதித்து நோக்கியது. ஒருவரையொருவர் கண்டு எழுதாமல், மெக்சிகோ மலையிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் இருவர் ஒரே முடிவுக்கு வந்திருந்தனர். ஆய்வரங்கக் கட்டுரைகள் 1956இல் ஏறத்தாழ 1,200 பக்கங்களில் நூலாயின.

சாவரிடம் குறைகள் இல்லை என்று நாம் கூற வரவில்லை. நகரங்களை அவர் பெரும்பாலும் புறக்கணித்தார். தொழிற்சாலையும் சேரியும் அவர் பார்வையில் படவில்லை. புள்ளியியலையும் கோட்பாட்டு விவாதங்களையும் வெறுத்தார். 1939இல் ரிச்சர்டு ஹார்ட்ஷோர்ன் அவர் கொள்கையைக் கூர்ந்து மறுத்து எழுதினார். பண்பாடு என்பதை மனிதர்க்கு மேல் நின்று இயங்கும் தனிப்பொருள் போல் சாவர் மரபினர் பேசுகின்றனர், அதற்குள் இருக்கும் வலியவர், எளியவர் வேறுபாட்டைக் காண்பதில்லை என்று 1980இல் ஜேம்ஸ் டங்கன் கூறிய குறையில் உண்மை உண்டு. ஆயினும் முப்பதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தனர். சமயங்களின் புவியியலைப் பற்றி நூல் எழுதி, இந்தியாவை ஆய்ந்த டேவிட் சோபர் பெர்க்லியில் உருவானவரே. சாவரின் மகன் ஜோனதன் பயிர்த்தாவரங்களை ஆயும் அறிஞரானார்.

ஓய்வு பெற்றபின் அவர் கை ஓயவில்லை. 1966இல் வெளிவந்த நூலில், கொலம்பஸ் வந்திறங்கிய கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகள் மண்ணைக் குவித்து மேடாக்கி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கலந்து நட்டு வளமாக வாழ்ந்ததையும், ஒரு தலைமுறைக்குள் அவர்கள் அழிக்கப்பட்டதையும் எழுதினார். அம்மக்கள் இல்லை, அவர்கள் காத்த பயிர்கள் நம் வீட்டுக்கு வந்துவிட்டன. சேலத்து மரவள்ளியும், சங்க நூல்கள் அறியாத மிளகாயும், நிலக்கடலையும், கொய்யாவும் அமெரிக்கப் பூர்வகுடிகளின் கைப்பட்டு வளர்ந்தவையே. நம் முன்னோர் மிளகின் பெயரிலிருந்தே மிளகாய்க்குப் பெயர் அமைத்துக்கொண்டனர்.

பெர்லின் புவியியல் கழகம் 1959இல் ஹம்போல்ட் பதக்கமும், இலண்டன் அரச புவியியல் கழகம் 1975இல் விக்டோரியா பதக்கமும் அவருக்கு வழங்கின. அதே 1975ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், தம் எண்பத்தைந்தாம் வயதில், பெர்க்லியில் சாவர் காலமானார். பதினேழாம் நூற்றாண்டு வட அமெரிக்காவைப் பற்றி அவர் எழுதி முடித்து வைத்திருந்த நூல், ஐந்தாண்டுகள் கழித்து 1980இல் அச்சேறியது.